நல்லெண்ணம் போதுமா?

சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் சற்றே அமர்ந்து, ஊர் நடப்பைப் பேசிவிட்டு வீடு திரும்புவது நம் பெரியவர்களின் நெடுநாளைய வழக்கம். அந்தத் திண்ணைப் பேச்சில் பெரும்பகுதி இப்போது கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. ஸலாம் சொல்லும் படம் ஒன்று வரும். அதையடுத்து ஒரு துஆ. அதையடுத்து ஒரு ஜனாஸா அறிவிப்பு. அதன் பின்னே வைத்தியச் செய்தி ஒன்று. இந்த இலையை அரைத்துக் குடித்தால் சர்க்கரை நோய் அகலும் என்றோ, இந்த ஊசியைப் போட்டுக் கொண்டவர்கள் இத்தனை ஆண்டுக்குள் மவுத்தாகி விடுவார்கள் என்றோ அது சொல்லும். வேண்டியவர்கள் எல்லாருக்கும் அனுப்பி நன்மையைத் தேடிக் கொள்ளுங்கள் என்று அடியில் ஒரு வரி. பெரியவரும் அனுப்பி விடுகின்றார். மக்களுக்கு, மருமக்களுக்கு, சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு, ஜமாஅத்துக் குழுவுக்கு. பிறர் நலம் நாடுவதைத் தவிர வேறு எண்ணம் எதுவும் அவர் உள்ளத்தில் இல்லை.

அச்செய்தி பொய்யாக இருந்து, அதை நம்பி ஒருவர் தடுப்பூசி போடாமல் விட்டு, நோய் கண்டு இறந்தும் போனால், அனுப்பியவர் மீது பொறுப்பு ஏதேனும் உண்டா? இந்த வினாவைத்தான் நாம் ஈண்டு எடுத்துக் கொள்கின்றோம். விடை எளிதன்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்விஷயத்தில் முதியோரை எள்ளி நகையாடுவது இளையவர்களிடம் வழக்கமாகி வருகின்றது. அதில் நமக்கு உடன்பாடில்லை. அமெரிக்க நாட்டில் 2016 தேர்தல் காலத்தில் முகநூலில் பொய்ச் செய்திகளைப் பரப்பியவர்கள் யார் என்று ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். 65 வயதைக் கடந்தவர்கள், மிக இளையவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாகப் பரப்பியிருந்தது தெரிய வந்தது. ஆனால் அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் சொன்னது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பொய்ச் செய்தி எதையும் பரப்பவே இல்லை. இந்த இரண்டாம் பகுதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஏன் பெரியவர்கள் அனுப்புகின்றார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் பிள்ளைக்கு வயிற்றுப் பொருமல் என்றால் நன்னிமாவைத்தான் கேட்பார்கள். அவர் வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பார். பேறுகாலப் பத்தியம் என்ன, காய்ச்சலுக்குக் கஷாயம் எது, யாரிடம் போய் ஓதிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொற்படியே நடக்கும். இன்று அவரை யார் கேட்கின்றார்கள்? மருமகள் கூகிளைக் கேட்கின்றார், பேரன் யூடியூபைக் கேட்கின்றான். வீட்டின் ஓர் அறையில் ஒதுங்கிவிட்ட அந்தப் பெரியவருக்கு, வைத்தியச் செய்தி ஒன்று கைக்கு வந்ததும் இழந்த இடம் திரும்பக் கிடைத்தாற் போலிருக்கின்றது. தம்மால் இன்னும் குடும்பத்துக்குப் பயனுண்டு என்று காட்ட அவரிடமுள்ள வழி அது ஒன்றேயாக இருக்கலாம்.

இனி வினாவுக்கு வருவோம். செயலின் மதிப்பு நிய்யத்தைப் பொறுத்தது என்னும் நபிமொழியை அறியாத முஸ்லிம் இல்லை. எனவே, நல்லெண்ணத்தோடு அனுப்பினேன், அல்லாஹ் என் கல்பை அறிவான் என்று ஒருவர் சொன்னால் அதை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் இதே நபிமொழித் தொகுப்புகளில் வேறொரு நிகழ்ச்சியும் இருக்கின்றது. ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் பதிவானது அது. பயணம் ஒன்றில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் உண்டாயிற்று. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்து கொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் கிடைக்கும்போது சலுகை எங்கே என்று அவர்கள் கூறினார்கள். அவர் குளித்தார், இறந்தார். இச்செய்தி பெருமானார் (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டபோது, அவரை அவர்களே கொன்று விட்டார்கள் என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டறிந்திருக்க வேண்டாமா என்றும், அறியாமை என்னும் நோய்க்குக் கேட்பதே மருந்து என்றும் சொன்னார்கள்.

அந்தத் தோழர்களின் நிய்யத்தில் குறை காண எவருக்குத் துணிவு வரும்? கடமையைப் பேணச் சொன்னவர்கள் அவர்கள். தம் தோழர் மீது பகை கொண்டவர்களும் அல்லர். அப்படியிருந்தும் கொலை என்னும் சொல்லே அங்கே ஆளப்பட்டது. தீய எண்ணம் அவர்கள் மீது சாட்டப்படவில்லை. அறியாத ஒன்றை அறிந்தவர்போல் சொன்னதே கண்டிக்கப்பட்டது.

வைத்தியம் பற்றியே நேராகப் பேசும் நபிமொழி ஒன்றும் உண்டு. அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய மூன்றிலும் அது காணப்படுகின்றது. வைத்தியம் அறிந்தவர் என்று பெயர் பெறாத ஒருவர் வைத்தியம் செய்தால், விளையும் கேட்டுக்கு அவரே ஈடு சொல்ல வேண்டியவர் என்பது அதன் கருத்து. ஃபிக்ஹுச் சட்ட அறிஞர்கள் இதிலிருந்து பெரிய சட்டப் பகுதி ஒன்றையே வகுத்தார்கள். நிய்யத்து கூலியைத் தீர்மானிக்கும். ஈடு என்பது வேறு கணக்கு. தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவருக்குக் கொலைகாரரின் பாவம் இல்லை. ஆனாலும் அவர் மீது தியத்தும் கஃப்பாராவும் உண்டு என்று திருமறையின் நிஸா அத்தியாயம் விதித்திருப்பதை நாம் அறிவோம். எண்ணம் நன்றாக இருந்தது என்பதால் இறந்தவரின் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பு இல்லையென்று ஆகிவிடாது.

கைப்பேசியில் ஒரு செய்தியைத் தள்ளிவிடுவதும் வைத்தியம் செய்வதும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றென்று ஃபத்வா கொடுக்கும் இடத்தில் நாம் இல்லை. அது உலமாப் பெருமக்களின் வேலை. ஆனால் இந்த மாத்திரையை நிறுத்து, இந்த ஊசியைப் போடாதே என்று சொல்வது, மருந்து கொடுப்பதைப் போலவே உடலின் மீது செய்யும் காரியம் என்பதை மறுக்க இயலுமா?

நம் நாட்டில் கொரோனாத் தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குத் தொடங்கி, மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தோருக்குத் திறந்து விடப்பட்டது. ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக் கொண்டு, மற்றவர்களும் போட்டுக் கொள்ள வேண்டுமென்று கேட்டுக் கொண்டார். மறுநாள் நெஞ்சடைப்பால் நினைவிழந்தார். 17ஆம் தேதி விடியற்காலையில் மறைந்தார். வயது 59. இதயத்தின் முக்கியமான இரத்தக் குழாய் முழுதும் அடைபட்டிருந்தது என்றும், ஊசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். தேசிய அளவிலான குழு ஆராய்ந்து அதே ஆண்டு அக்டோபரில் அதையே உறுதி செய்தது. ஆனால் செய்தி முந்திவிட்டது. ரமளான் தொடங்கியிருந்த வாரம் அது. இரண்டாம் அலை தலைக்கு மேல் எழுந்து கொண்டிருந்தது. நோன்பு வைத்துக் கொண்டு ஊசி போடலாமா என்று ஏற்கெனவே தயங்கி நின்ற முதியோருக்கு இந்த அச்சமும் சேர்ந்து கொண்டது. சத்தாக அமையாத ஊசியைத் தசையில் போடுவதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் பலர் விளக்கியும், பெருநாள் கழியட்டும் என்று இருந்தவர்கள் உண்டு. அந்தப் பெருநாள் மே மாத நடுவில் வந்தது. அப்போது ஆஸ்பத்திரிகளில் படுக்கை கிடைக்கவில்லை.

ஒன்றன் பின் ஒன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று மனம் உடனே முடிச்சுப் போட்டுவிடும். இது முதியோரின் குறையன்று, மனித இயல்பு. கணக்குக்காக இப்படி வைத்துக் கொள்வோம். அறுபதைக் கடந்தவர்கள் ஒரு லட்சம் பேர். ஆயிரத்துக்கு 40 பேர் வீதம் ஆண்டுக்கு 4,000 பேர் இறக்கின்றார்கள். நாளொன்றுக்குப் பதினொருவர். அந்த ஒரு லட்சம் பேருக்கும் ஒரே நாளில் வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றினாலும் மறுநாள் பதினொரு ஜனாஸா எழத்தான் செய்யும். பதினொரு வீட்டிலும், நேற்றுத்தானே ஊசி போட்டார் என்றுதான் அழுவார்கள். ஆகவே ஊசி போட்டவர்களில் எத்தனை பேர், போடாதவர்களில் எத்தனை பேர் என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு முடிவும் சொல்ல முடியாது.

அப்படி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உண்மையான தீங்கொன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. இதை மறைக்கக் கூடாது. நம் நாட்டில் கோவிஷீல்டு என்ற பெயரில் போடப்பட்ட அஸ்ட்ராஜெனெகா ஊசி, மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறையும் கோளாறை உண்டாக்கியது. 2021 வசந்த காலத்திலேயே இது வெளியில் வந்தது. ஜெர்மனி அந்த ஊசியை 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று ஒதுக்கியது. பிரிட்டன் முப்பது வயதுக்குட்பட்டோருக்கு வேறு ஊசி தரச் சொன்னது. ஆபத்து இளையவர்களுக்கே சற்று மிகுதி. நோயால் சாகும் ஆபத்தோ முதியவர்களுக்குப் பன்மடங்கு மிகுதி என்பதே காரணம். பிரிட்டிஷ் வழக்கொன்றில் அந்நிறுவனம் இதை ஒப்புக் கொண்ட செய்தி 2024இல் வெளியானபோது, மூன்றாண்டுக்கு முன் ஊசி போட்ட நம் முதியோர் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தக் கோளாறு ஊசி போட்ட சில வாரங்களுக்குள் தோன்றுவது, ஆண்டுகள் கழித்துப் புறப்பட்டு வருவதன்று என்ற ஒரு வரியை அச்செய்தியோடு சேர்த்து அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு செய்தியும் நினைவிருக்கும். ஊசி போட்டவர்கள் அனைவரும் இரண்டாண்டில் இறந்து விடுவார்கள் என்று நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி லுக் மொந்தாஞியே சொன்னதாக 2021 மே மாதத்தில் வீடுதோறும் வந்தது. தடுப்பூசிக்கு எதிராக அவர் பேசியது உண்மை. இரண்டாண்டுக் கெடு வைத்தது அவர் அல்லர். 2023ஆம் ஆண்டும் வந்து போயிற்று. ஊசி போட்டுக் கொண்டே அச்செய்தியை அனுப்பியவர்களும் அல்லாஹ்வின் அருளால் நலமாகவே இருக்கின்றார்கள். வேறு செய்திகளை அனுப்பிக் கொண்டும் இருக்கின்றார்கள்.

நம் சமுதாயத்துக்கு இதில் பழைய பாடம் ஒன்று உண்டு. நைஜீரியாவின் வட மாநிலங்களில் 2003ஆம் ஆண்டு, போலியோச் சொட்டு மருந்தில் கருவை அழிக்கும் சரக்கு கலந்திருக்கின்றது என்ற பேச்சு கிளம்பிற்று. மருந்து நிறுத்தப்பட்டது. சோதனைகள் நடந்தன. முடிவில் முஸ்லிம் நாடான இந்தோனேசியாவிலிருந்து மருந்தை வரவழைத்து 2004இல் மீண்டும் தொடங்கினார்கள். அதற்குள் நைஜீரியக் கிருமி கண்டம் தாண்டிவிட்டது. 2005இல் எமனுக்கும், பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த அதே இந்தோனேசியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. இந்தோனேசியாவில் மட்டும் சுமார் 300 பிள்ளைகள் முடங்கினார்கள். நம் நாட்டிலும் உத்தரப் பிரதேசம், பீகார்ப் பக்கங்களில் இதே பேச்சு முஸ்லிம் தெருக்களில் உலவியது. ஆலிம்களும் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தாரும் தெருத் தெருவாக வந்து பேசியபின்தான் கதவுகள் திறந்தன. கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்ட சிறு பெண். 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ ஒழிந்த நாடாகச் சான்று பெற்றது. பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுக்கலாமா கூடாதா என்று அந்த வீடுகளில் முடிவு செய்தவர்களில் பாட்டன் பாட்டிமார் பலர் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வதந்தியின் சூடு நமக்குத் தெரியாததன்று. 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் கூட்டத்தையொட்டி, முஸ்லிம்கள் வேண்டுமென்றே நோயைப் பரப்புகின்றார்கள் என்ற பொய்ப் படங்கள் நாடெங்கும் இதே கைப்பேசிகளில்தான் பறந்தன. தள்ளுவண்டிக்காரர்களைத் தெருவுக்குள் விடவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிநாட்டு ஜமாஅத்தார் மீதிருந்த வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தோன்றுகின்றது என்றது. அன்று அப்படங்களை அனுப்பியவர்களிலும் பலர், தம் பிள்ளைகளைக் காக்கும் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார்கள். அவர்களை அந்த எண்ணத்துக்காக நாம் மன்னித்து விடுகின்றோமா?

ஹலால், ஹராம் ஐயத்துக்கு வருவோம். இது வீண் ஐயமன்று. சில தடுப்பூசிகளில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்க்கப்படுவது உண்மை. முதியோருக்கு வரும் அக்கிப் புண்ணைத் தடுக்க முன்பு வந்த ஊசியில் அது இருந்தது. பின்னர் வந்த புதிய ஊசியில் இல்லை. 1995இல் குவைத் நாட்டு இஸ்லாமிய மருத்துவ அமைப்பு நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர்களைக் கூட்டி ஆராய்ந்தபோது, மூலப்பொருள் வேறொன்றாக மாறிவிடுவதால் அத்தகைய ஜெலட்டின் தூய்மையானதே என்று முடிவு சொன்னார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இந்த மாற்றத்தை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. ஷாஃபிஈ நாடான இந்தோனேசியாவின் உலமா சபை, 2021 மார்ச்சில், அஸ்ட்ராஜெனெகா ஊசியின் தயாரிப்பில் பன்றியின் பொருளொன்று பயன்பட்டதாகக் கருதி அதை ஹராம் என்றே சொன்னது. நிறுவனம் மறுத்தது. ஆனால் அதே தீர்ப்பில், நெருக்கடியை முன்னிட்டு அதைப் போட்டுக் கொள்ளலாம் என்று அனுமதியும் அளித்தது. முற்பாதியை மட்டும் வெட்டி எடுத்து அனுப்பினால் அது பொய்யாகாது; ஆனால் பொய் செய்யும் வேலையை முழுதும் செய்துவிடும். ஐயமுள்ளவர் ஆலிமிடமும் மருத்துவரிடமும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்பவரைக் கோபித்துக் கொள்ளும் மருத்துவரும், மருந்தின் பெயரைக்கூடக் கேளாமல் தீர்ப்புச் சொல்லும் ஆலிமும் இருக்கத்தான் செய்கின்றார்கள். அத்தகையோரிடமிருந்து எழுந்து வந்து வேறொருவரைக் கேட்பதில் தவறில்லை.

“அல்லாஹ் விதித்த ஆயுள்தானே, ஊசி என்ன செய்யும்?” என்று கேட்கும் பெரியவர்களும் உளர். இக்கேள்வியை உமர் (ரலி) அவர்களிடமே கேட்டிருக்கின்றார்கள். ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவியதறிந்து, ஸர்கு என்னும் இடத்திலிருந்து அவர்கள் படையோடு திரும்பியபோது, விதியை விட்டு ஓடுகின்றீர்களா என்று கேட்டவர் அபூஉபைதா (ரலி). அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்கின்றோம் என்று விடை சொல்லி, ஒரு பக்கம் பசுமையும் மறுபக்கம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எங்கே மேய்ப்பாய் என்று உமர் (ரலி) திருப்பிக் கேட்டார்கள். நம் பெரியவர்களும் செயலில் இதை ஏற்றுக் கொண்டவர்களே. 1987 ஹஜ்ஜின்போது மூளைக் காய்ச்சல் பரவிய பிறகு சவூதி அரசு அதற்கான தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000இல் வேறொரு வகைக் கிருமி ஹாஜிகளிடையே பரவவே, நான்கு வகையையும் தடுக்கும் ஊசி வந்தது. இன்றளவும் ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுத்தவர் முகாமில் வரிசையில் நின்று கையை நீட்டுகின்றார். தவக்குல் பற்றிய ஐயம் அங்கே எழுவதில்லை.

இளையோருக்கும் ஒரு சொல். பெற்றோர் அனுப்பிய செய்தியைக் குடும்பக் குழுவில் எல்லார் முன்னிலையிலும் கேலி செய்வதும், தெரியாமல் ஏன் அனுப்புகின்றீர்கள் என்று சீறுவதும், சீ என்ற சொல்லையும் பெற்றோரிடம் சொல்லத் தடைவிதித்த மறையை ஓதுகின்றவர்களுக்கு அழகா? தந்தையின் அருகில் அமர்ந்து, “வாப்பா, இது யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது, சேர்ந்து பார்ப்போமா?” என்று கேட்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை நாம் கொடுக்காததால்தான் அவர் கைப்பேசியோடு பேசிக் கொண்டிருக்கின்றார். பலமுறை கை மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருக்கும் என்பதைக்கூட நம்மில் எத்தனை பேர் நம் பெற்றோருக்குக் காட்டியிருக்கின்றோம்?

முன்பே அனுப்பிவிட்டவர் என்ன செய்வது? தவ்பா என்பது அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான விஷயத்தில் மனம் வருந்தி விலகுவதோடு முடியும். பிறரைப் பற்றிய விஷயத்தில் அப்படி முடியாது. உண்மையை மறைத்தவர்கள் மீளும் வழியைச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் வசனம், வருந்துதல், சீர்செய்தல், தெளிவாக எடுத்துரைத்தல் என்று மூன்றையும் சேர்த்தே வைக்கின்றது. ஆகவே எந்தக் குழுவில் அனுப்பினாரோ அதே குழுவில், நேற்று நான் அனுப்பியது தவறு என்று எழுத வேண்டும். எழுபது வயதில் பேரப்பிள்ளைகளின் கண் முன்னே அப்படி எழுதுவது எளிதன்று. எழுதிவிட்டாலும், அவரிடமிருந்து வாங்கிப் பிறர் அனுப்பிய குழுக்கள் எத்தனை என்பது அவருக்குத் தெரியாது. தவறான செய்தியை எடுத்துச் சென்றவர்கள் திருத்தத்தையும் எடுத்துச் செல்வார்களா என்பதும் தெரியாது. தம்மால் எட்ட முடிந்த இடம் வரை அவர் எழுதட்டும். எட்டாத இடங்களின் கணக்கைத் துஆவில்தான் கேட்க வேண்டியிருக்கின்றது.